பூச்சுக்காரர் விழுங்கிய ஜிங்க்

பூச்சுக்காரரின் இடது பாதம் செத்துப்போயிருந்தது அவருக்கே தெரியாது. தெரிந்தால் அது எப்படிச் செத்ததாகும்? மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

பட்டறையில் காலை வேலை ஓடிக்கொண்டிருந்தது. உருகிய ஜிங்க் தொட்டிக்குள் இரும்புக் குழாய்களை இறக்கியிருந்தார்கள். எந்தக் குழாயின் வயிற்றிலோ கொஞ்சம் ஈரம் தங்கியிருந்திருக்கிறது. தொட்டி ஒரு தடவை காறித் துப்பியது. எல்லாரும் பின்னால் தாவினார்கள், பூச்சுக்காரரும்தான். பிறகு பழையபடி கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, மேலே கிரேனில் உட்கார்ந்திருந்தவனிடம் கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தோல் கருகுகிற வாடை வந்தது.

"எவன்டா செருப்பை அடுப்புல காய வச்சிருக்கான்?" என்று கத்தினார்.

கிரேன்காரன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணே, உங்க பூட்ஸுதான் புகையுது!"

குனிந்து பார்த்தார். உண்மைதான். கயிறு கோக்கிற ஓட்டை வழியாக ஒரு சொட்டு உள்ளே இறங்கியிருந்தது. நாலு பேர் பிடித்து உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, காலுறையை வெட்டி எடுத்தார்கள். பாதத்தின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஜிங்க் உறைந்து, சதையோடு ஒட்டி, பளபளவென்று இருந்தது. கிரேன்காரன் ஏணியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டான். பூச்சுக்காரர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா அண்ணே?"

"இல்லடா" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் அவருக்கே ஒரு மாதிரி ஆனது.

பூச்சுக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது அவருடைய அண்ணன் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். விளக்குக் கம்பம், வாசல் கேட், தண்ணீர்க் குழாய் என்று மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகிற இரும்பெல்லாம் இவர் தொட்டிக்குத்தான் வரும். முதலில் ஆசிட்டில் குளிப்பாட்டி, அழுக்கும் துருவும் போக்கி, உப்புத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, கடைசியில் கொதிக்கிற ஜிங்கில் இறக்குவார்கள். தொட்டியின் மேல் பாலேடு மாதிரி ஒரு சாம்பல் ஏடு படியும். அதை நீளக் கைப்பிடிப் பலகையால் ஒதுக்கிவிட்டு, இரும்பைத் தூக்கினால் வெள்ளியில் வார்த்ததுபோல் வெளியே வரும். ஐம்பது வருடத்துக்குத் துரு அண்டாது.

எவ்வளவு நேரம் உள்ளே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடிகாரமும் உண்டு, எழுதி மாட்டிய அட்டையும் உண்டு. ஆனால் பூச்சுக்காரர் காதால் பார்ப்பார். இரும்பு உள்ளே போனதும் தொட்டி பொரியும். பொரிகிற சத்தம் அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். "கூட கொஞ்சம் இருக்கட்டுமே, கெட்டியாப் பிடிக்கட்டும்" என்று புதிதாக வந்தவன் எவனாவது சொன்னால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "கெட்டியாப் பிடிக்காது, இரும்பைத் தின்னும். மேல சாம்பல் பூத்துப் போயி, சுத்தியலால ஒரு தட்டு தட்டினா பொருக்குப் பொருக்கா உதிரும். அப்புறம் உன் தலையிலயா ஒட்டுறது?" இந்த வசனத்தை நாற்பது வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் விஷயத்தில் கோட்டைவிட்டார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். முப்பத்திரண்டு வருடம் ஒரே வழித்தடம். சிறுநீரை அடக்கி அடக்கி வண்டி ஓட்டினதால்தான் அந்த நோய் வந்தது என்று அவரும் நம்பினார், குடும்பமும் நம்பியது. அது சரியோ தப்போ, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோதே எலும்புக்குள் போயிருந்தது. அண்ணி அதற்கு நாலு வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணன் மக்கள் இரண்டு பேரும் தூர தேசத்தில். அதனால் அவரைத் தம்பி வீட்டு முன் அறையில் கொண்டுவந்து போட்டார்கள். ஏழு மாதம். பூச்சுக்காரர் வேலைக்குப் போய்விடுவார். மூத்தாருக்குச் செய்ததெல்லாம் பூச்சுக்காரர் மனைவிதான். புரட்டிப் படுக்கவைக்கும்போது அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் போன பிறகும் அந்தக் கட்டில் இருந்த இடத்தில் அவள் வேறு எதையும் வைக்கவில்லை. தரையில் நாலு கால் தடம் அப்படியே இருந்தது.

ஆறு வருடம் கழித்து, பூச்சுக்காரருக்கு அறுபத்தொன்று நடக்கும்போது, பட்டறையில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டதற்கு அண்ணனைச் சொன்னார். ஒரு சோதனை கூடுதலாகச் செய்தார்கள். நாலுக்குள் இருக்க வேண்டிய அளவு ஆறுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதேதான்.

டாக்டரம்மா நிதானமானவள். படம் போட்டுக் காட்டினாள். "இது ரொம்பச் சின்னது. மெதுவா நகர்ற வகை. உங்க அண்ணனுக்கு இருந்தது வேற, இது வேற. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், கதிர்வீச்சும் வேணாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாப்போம், வருஷத்துக்கு ஒரு தடவை சதை எடுத்துப் பாப்போம். நகர்ந்தா உடனே கை வைப்போம். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருப்போம்."

பூச்சுக்காரருக்கு அது பிடித்திருந்தது. அவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்தானே. சும்மா பார்ப்பதும் ஒரு வேலை என்று அவருக்குத் தெரியும்.

மனைவிக்கு அது ஏறவில்லை. படியிறங்கும்போதே ஆரம்பித்தாள். "பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்ல! என்ன பாப்பாங்க? ஜன்னல்ல உக்காந்து தெருவைப் பாக்குற மாதிரியா? மூத்தாரையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"அது வேற, இது வேறன்னு சொன்னாங்களே."

"சொல்லுவாங்க. அவங்களா புரட்டிப் படுக்க வைக்கப் போறாங்க?"

பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

அந்த வாரமே மச்சான் வந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவர்கள் அம்மா அவனைப் பெற்ற கையோடு போய்விட, பதின்மூன்று வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டவள் இவள். கல்யாணம் ஆகி வந்தபோது அவனும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். "பொண்ணு ஒண்ணு கட்டினேன், பையன் ஒண்ணு இனாமா வந்துச்சு" என்று பூச்சுக்காரர் இன்றைக்கும் சொல்வார். இவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் அவன்தான் பிள்ளை. இப்போது அவனுக்கே நாற்பத்தைந்து. உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டி, புரோட்டீன் மாவும் சத்து மாத்திரையும் விற்கிற கடையில் நிற்கிறான். கையைத் தூக்கினால் சட்டைக் கை கிழிந்துவிடும்போல் இருக்கும்.

பை நிறைய டப்பா கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். "அக்கா, ஆம்பளைங்களுக்கு அந்தச் சுரப்பி இருக்குதுல்ல, அதுல இயற்கையாவே இந்தச் சத்துதான் நிறைய இருக்கும். அது குறையப் போயித்தான் வியாதி வருது. நிரப்பிட்டா ஓடிடும்."

"யாரு சொன்னா?"

"வீடியோல ஒரு டாக்டர் சொல்றாருக்கா. கோட்டெல்லாம் போட்டிருக்காரு."

பூச்சுக்காரர் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பினார். இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனால் அந்த டப்பாவின் நடுவில் இருந்த நாலு எழுத்து அவருக்குத் தெரியும். தொட்டியில் போடுகிற ஒவ்வொரு ஜிங்க் கட்டியின் முதுகிலும் அந்த நாலு எழுத்துதான் அச்சடித்திருக்கும். நாற்பது வருடமாகத் தினம் பார்க்கிற எழுத்து. தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

"என்ன மாமா, அப்படிப் பாக்குறீங்க?"

"டேய் மச்சான், இது நம்ம சரக்குடா!"

அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் அவருக்கு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரும்புக்குத் துரு, மனுஷனுக்குப் புற்று. இரண்டும் ஒரு மூலையில் ஆரம்பித்து உள்ளே போய்ச் சாப்பிடுகிறது. இரும்பை எது காப்பாற்றுகிறதோ அது மனுஷனையும் காப்பாற்றும். வெளியே பூசுவதற்குப் பதில் உள்ளே பூசுகிறோம், இதில் என்ன இருக்கிறது? பட்டறையில் கிரேன்காரனிடம் பெருமையாகச் சொன்னார். அவன், "அப்ப உங்களுக்கும் அம்பது வருஷம் கேரண்டியாண்ணே?" என்று கேட்டான். சிரித்தார்கள்.

மனைவி அந்த டப்பாவை மாத்திரைகள் இருக்கிற அலமாரியில் வைக்கவில்லை. அங்கே அவருடைய ரத்த அழுத்த மாத்திரை இருந்தது. இதைச் சமையலறையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் வைத்தாள். வீட்டில் அதற்குப் பெயர் சத்து. "சத்து போட்டீங்களா?", "சத்து தீரப் போகுது, தம்பிகிட்ட சொல்லணும்", இப்படித்தான் பேச்சு. காலையில் தண்ணீர் டம்ளரையும் சத்தையும் அவளே கையில் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் விழுங்கித் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற பாரம் அந்த நேரத்தில் அவள் முகத்திலிருந்து இறங்கும். அதற்காகவே இரண்டு விழுங்கலாம்போல் இருக்கும் அவருக்கு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். "பிரஷர் மாத்திரை தவிர வேற மருந்து எதாவது சாப்பிடுறீங்களா ஐயா?"

"இல்லீங்க."

பொய் சொல்லவில்லை அவர். மருந்து என்றால் டாக்டர் எழுதிக்கொடுப்பது, அலமாரியில் இருப்பது. இது உப்புக்குப் பக்கத்தில் இருப்பது. இரண்டு வருடத்தில் எட்டுத் தடவை அந்தக் கேள்வி வந்தது. எட்டுத் தடவையும் அதே பதில்.

முதல் வருடச் சதைச் சோதனையில் நோய் இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தால்தான் என்று வீட்டில் முடிவாயிற்று. அடுத்த ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறியது. ஏற இறங்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. மனைவி பயந்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆக்கினாள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் ஏறியது. "அது ஏறுற வேகத்துக்கு நம்மளும் ஏத்தணும் அக்கா" என்றான் மச்சான். மூன்றானது. அதோடு ஆண்களுக்கென்றே வந்திருக்கிறது என்று இன்னொரு டப்பாவும் கொடுத்தான். அதில் வேறு ஏதோ ஒரு தாது. செலினியமாம். அந்த எழுத்து பூச்சுக்காரருக்குப் பழக்கம் இல்லை. விழுங்கினார்.

இரண்டாவது வருடம் முக்கால்வாசி ஓடியபோது உடம்பில் ஏதோ மாறியது. தொட்டி மேடைக்கு ஒன்பது படி. ஐந்தாவது படியில் மூச்சு வாங்கியது. வயசு என்று நினைத்துக்கொண்டார். காலில் எப்போதும் காலுறை போட்டமாதிரியே இருந்தது. ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தா, சாக்ஸைக் கழட்டிட்டேனா?"

"கழட்டித் துவைச்சு, அதோ கொடியில காயுது. கண்ணு இல்லையா உங்களுக்கு?"

"இல்ல, போட்டிருக்கிற மாதிரியே இருக்கு."

"நாப்பது வருஷம் போட்டீங்க. அது போவேனாங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில்தான் அந்தச் சொட்டு பூட்ஸுக்குள் இறங்கியது.

கிரேன்காரன்தான் அவரை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். ஏன் வலிக்கவில்லை என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம். ஒரு நர்ஸ் வந்து நூல் மாதிரி மெல்லிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்க ஐயா. பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். பக்கத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

"ஆரம்பிங்கம்மா" என்றார்.

"முடிச்சுட்டேன் ஐயா."

ரத்தம் எடுத்தார்கள். ரத்தமும் குறைவு, வெள்ளை அணுவும் குறைவு. அவருடைய பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவையே கூப்பிட்டார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள். எட்டுத் தடவை கேட்ட கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாள். "சத்து மாத்திரை, டானிக்கு, பவுடரு, இந்த மாதிரி எதாவது எடுக்குறீங்களா?"

"சத்தா? அது சாப்பிடுறேங்க. ஜிங்க்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க மருந்தான்னு கேட்டீங்க. அது மருந்து இல்லையே."

கிரேன்காரன் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்கு ஓடி, அவர் அடையாளம் சொன்ன டப்பாக்களைப் படம் பிடித்து வந்தான். டாக்டரம்மா அதைப் பார்த்து மனதுக்குள் கூட்டினாள். ஒரு மாத்திரையில் ஐம்பது மில்லிகிராம், மூன்றுக்கு நூற்றைம்பது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவை பத்துச் சொச்சம்தான், அதுவும் சாப்பாட்டிலேயே வந்துவிடும் என்றாள். ஜிங்க் அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் குடல் செம்பை உள்ளே விடாது. செம்பு இல்லையென்றால் ரத்தம் ஊறாது, நரம்பு செத்துப்போகும். கால் அதனால்தான் மரத்திருக்க வேண்டும்.

"அந்த இன்னொரு வியாதிக்கு?" என்று அவர் கேட்டார்.

அவள் இரண்டாவது டப்பாவின் படத்தைக் காட்டினாள். "இந்தப் புற்று வந்தவங்க செலினியம் மாத்திரை அதிகமா எடுத்தா நோய் மோசமாப் போறது கூடுதலா இருந்ததா ஒரு ஆய்வுல பாத்திருக்காங்க. ஜிங்க்கும் நிறைய, வருஷக்கணக்கா எடுத்தவங்ககிட்ட மோசமான வகை அதிகம் பாத்திருக்காங்க. அதுதான் காரணம்னு நிரூபிச்சதில்ல. ஆனா நல்லது செய்யும்னும் யாரும் நிரூபிக்கல. எங்ககிட்ட கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்போம். இன்னைக்கே நிறுத்துங்க. சதைச் சோதனையையும் முன்னாடியே வச்சிடுவோம்."

பூச்சுக்காரருக்குத் தன்னைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. காலில் இருந்த மரப்பு மேலே ஏறி நெஞ்சுவரை வந்துவிட்டதுபோல் இருந்தது. அதில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் டம்ளர் பிடித்த கை.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரி வருவா. பட்டறைப் புகையால வந்துச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"பொய் சொல்ல முடியாது. கேட்டாங்கன்னா உள்ளதைத்தான் சொல்வேன். கேக்கலைன்னா நானாப் போயி சொல்ல மாட்டேன்."

அது போதும் என்று நினைத்தார். மனைவி வந்தாள், கட்டைப் பார்த்தாள், "வலிக்குதா?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றார். செம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். புண் ஆறுவதற்கு என்று அவளிடம் சொல்லிவைத்தார். அவள் அதை மருந்து அலமாரியில் வைத்தாள்.

வேலைக்கு ஒரு மாதம் லீவு. வீட்டில் இருந்தார். காலையில் அவள் சத்தைக் கொண்டுவருவாள். வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் விழுங்குவார். தொண்டை ஏறி இறங்கும். அவள் நகர்வாள். பிறகு மாத்திரையைத் துப்பி, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஓட்டை விழுந்த இடது பூட்ஸுக்குள் போடுவார். ஒரு நாளைக்கு மூன்று, அந்தச் செலினியத்தையும் சேர்த்தால் நாலு. காலைக் காவு வாங்கிய பூட்ஸ் இதையும் வாங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தார். வேறு யோசனை எதுவும் வரவில்லை. வெயில் ஜன்னலில் ஏறி, சுவரில் நகர்ந்து, இறங்கும். அண்ணன் கட்டிலின் நாலு கால் தடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நடுவில் ஒருநாள் போய்ச் சதை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வெள்ளிக்கிழமை என்றார்கள்.

வியாழக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தார். லீவு முடியப்போகிறதே, பூட்ஸைத் தைக்கக் கொடுப்போம் என்று அவள் அதை எடுத்திருக்கிறாள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியிருக்கிறாள். அவர் துண்டோடு வெளியே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் பாதி கரைந்து உலர்ந்து, சாயம் போன மாத்திரைகள். கும்பலாக.

"இது என்னங்க?"

"வயித்தைப் புரட்டுச்சு. அதான்."

"ஒரு நாள் புரட்டுச்சா, மூணு வாரமாப் புரட்டுச்சா?"

அவர் துண்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. கால் அதுனாலயா?"

முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் அவருக்கு வராத வித்தை அதுதான், அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது. "ஆமா" என்றார். "டாக்டரம்மா அப்படித்தான் சொல்லுது."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் தட்டை எடுத்தாள். மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே மனைவி அந்தப் பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தாள். "இதை நான்தான் குடுத்தேன். என் கையால. அவரு மேல தப்பு இல்ல."

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், பூச்சுக்காரரைப் பார்த்தாள். பிறகு முடிவைச் சொன்னாள். நோய் நகர்ந்திருக்கிறது. சதையைப் பார்த்து முதலில் ஆறு என்று போட்டிருந்த தரம் இப்போது ஏழு. சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, எலும்பில் இல்லை. ஆனால் இனிமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கதிர்வீச்சு ஆரம்பிக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும். சரியாக வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"இதுனாலயா?" என்று பொட்டலத்தைத் தொட்டுக் கேட்டாள் மனைவி.

"இதுனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இது இல்லாமயும் சிலருக்கு நகரும்."

"அப்ப இதுனால இல்ல."

"இல்லைன்னும் சொல்ல முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல். காகிதத்தைத் திரும்ப மடிக்கப் போனாள். நர்ஸ் வாங்கி, மருந்துக் கழிவுப் பெட்டிக்குள் போட்டாள். "இருக்கட்டும், கொண்டு போறேனே" என்று சொன்ன மனைவியின் கை கொஞ்ச நேரம் நீண்டே இருந்தது.

தெருமுனை திரும்பும்போது பூச்சுக்காரர்தான் வாயைத் திறந்தார். "தப்பு என்னுதுதான். கூட நேரம் முக்கி வச்சிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். ஜிங்க் இரும்பைத் தின்னும்னு எனக்குத் தெரியாதா?"

"பேசாம வாங்க" என்றாள்.

சாயங்காலம் மச்சான் வந்தான். அக்காள் போனில் சொல்லியிருந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"உள்ள வந்து கதவைச் சாத்து. கொசு வருது" என்றாள் அக்காள்.

வந்து உட்கார்ந்தான். "மாமா" என்றான்.

"விடுடா மச்சான். எழுத்தைப் பாத்து ஏமாந்தது நான்."

அக்காள் டீ கொண்டுவந்து வைத்தாள். "நீயும் அதைச் சாப்பிடுறியா?"

"ம்."

"நிறுத்து."

"சரிக்கா."

அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்வந்தார்கள். அவர் படுத்திருப்பார், இயந்திரம் சுற்றிவரும், எழுந்து வருவார். எதுவும் தெரியாது. காலுக்கும் தெரியவில்லை, உடம்புக்கும் தெரியவில்லை என்று நர்ஸிடம் சொன்னார். அவள் சிரித்தாள். செம்பு மாத்திரையில் ரத்தம் மெல்ல ஊறியது. ஒன்பது படியும் ஏற முடிந்தது. ஆனால் கால் மரத்தவரைத் தொட்டிப் பக்கம் விட மாட்டார்கள். வாசலில் வருகிற இரும்பை எழுதிக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அங்கிருந்து தொட்டி பொரிகிற சத்தம் கேட்கும். அடங்கியும் எடுக்காமல் இருந்தால் எழுந்து நிற்பார். பிறகு உட்கார்ந்துகொள்வார்.

நரம்பு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, வீட்டில் தினம் சோதித்து எழுதிவையுங்கள் என்று நர்ஸ் ஒரு நூலும், பாதம் வரைந்த ஒரு காகிதமும் கொடுத்திருந்தாள். தினமும் காலையில், முன்பு டம்ளரோடு வருகிற அதே நேரத்தில், மனைவி அந்த நூலோடு வருவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு முக்காலியில் நீட்டுவார். அவள் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

"கண்ணை மூடுங்க."

"ம்."

"தெரியுதா?"

"தெரியுது."

இப்படியே ஒரு மாதம் ஓடியது. காகிதத்தில் விரலுக்கு விரல் புள்ளி கூடிக்கொண்டே வந்தது. நேற்று இரண்டு, இன்றைக்கு மூன்று, பெருவிரல், அதற்குப் பக்கத்தது. ஒவ்வொரு 'தெரியுது'க்கும் அவள் மூச்சு கொஞ்சம் இறங்குவது கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குக் கேட்கும். தொடும்போது அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் பதிலைக் கணக்குப் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். காதால் பார்க்கிறவர்தானே.

ஒருநாள் அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடினார். வெளியே எங்கோ ஒரு குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அவள் அசைவது கேட்டது. மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"தெரியுது" என்றார்.

பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் வரவில்லை.

"தெரியுதுன்னு சொன்னேனே. எழுதிக்கோ."

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரோ வந்து குழாயை மூடினார்கள். அவள் காகிதத்தைத் தரையில் விரித்து, ரப்பரால் அழித்தாள். ஒரு மாதத்துப் புள்ளி. நிதானமாக, ஒவ்வொன்றாக அழித்தாள். தூளை வாயால் ஊதினாள்.

"இப்போ தொடுறேன்" என்றாள். "தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

"ம்."

காத்திருந்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"தெரியலை" என்றார்.

"சரி" என்றாள். "அடுத்த விரல்."